எழுபது புளியங்கொட்டை

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 34 பிள்ளைகள். விளையாட்டு வழியாகச் சொல்லிக்கொடுக்க ஆசைதான். ஆனால் கடைசியில் கத்தல்தான் மிஞ்சுகிறது, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து நிற்கிறார். நன்றாகப் படிக்கிற அஞ்சாறு பேர்தான் ஜெயிக்கிறார்கள், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் கேட்டால் பாடமும் மனதில் ஏறியதாகத் தெரியவில்லை. கைக்காசு அதிகம் போடாமல் செய்ய ஏதாவது சொல்லுங்களேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது ‘சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள்’ என்ற இடம். புரசைவாக்கத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போன நாட்களில் நானும் அதே தப்பைச் செய்தேன். முதலில் கை தூக்குகிறவருக்கு மிட்டாய். ஒரு பையன் மூன்று வாரமும் கையைப் பாதி தூக்கி இறக்கிக்கொண்டான். நான்காம் வாரம் அவன் வரவில்லை. அதற்குப் பிறகு, தோற்றவரை வெளியே உட்காரவைக்கும் எந்த விளையாட்டையும் வகுப்புக்கு நான் சொல்வதில்லை. முதலில் அவுட் ஆகிற பிள்ளைக்குத்தான் அந்தப் பயிற்சி அதிகம் வேண்டியிருக்கிறது.

பாடம் ஏறவில்லை என்கிறீர்கள். விளையாட்டு ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்றிருந்தால் ஏறாது. கணக்குப் போடாமல் ஆட்டம் நகரவே கூடாது. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து, ஆக 70 புளியங்கொட்டை. பலகை வேண்டாம், தரையில் சாக்பீஸ் வட்டம் போதும். கொட்டை கிடைக்காவிட்டால் பொடிக்கல். கட்சிக்கு இரண்டு பேர், ஆட்டத்துக்கு நான்கு பேர். நடுவில் எந்த நிமிடமும் நீங்கள் கைதட்டி நிறுத்தலாம். “நீங்க எடுத்தது 23, அவங்க எடுத்தது 19, அப்போ குழியில எவ்வளவு இருக்கணும்?” முதலில் சொல்லட்டும், பிறகு எண்ணிப் பார்க்கட்டும். சரியா தப்பா என்று உங்களிடம் ஓடி வர வேண்டியதில்லை, குழியில் கிடக்கும் கொட்டையே சொல்லிவிடும்.

தாயக்கட்டையும் அப்படித்தான். ஒவ்வொரு குழுவும் 50 முறை உருட்டி, விழுந்ததைக் கோடு போட்டுக் குறிக்கட்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, தரையில் உட்கார்ந்தபடியே பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகைகள் அமைத்தார்களே, உங்கள் அறையில் அது மிச்சமிருந்தால் இதற்கு நல்ல இடம். எல்லாக் குழுவின் கோடுகளையும் கூட்டினால் பெரும்பாலும் மூன்றுதான் முந்தும். ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம் என்று நான்கு பக்கம். இரண்டு கட்டையில் மூன்று விழ நான்கு வழி, தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டு வழி, இரண்டும் வெறும் பக்கமாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழி. சொல்லிவிடாதீர்கள், கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கண்டக்டர் விளையாட்டும் நன்றாகப் போகும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி, நிறுத்தப் பெயர்களை அட்டையில் எழுதி வகுப்பில் ஆங்காங்கே ஒட்டிவிட்டால் படிப்பும் ஆச்சு. டிக்கெட், சில்லறை எல்லாம் காகிதம். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதைப் பெண் பிள்ளைகள் உடனே ஞாபகப்படுத்துவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் 12 பேர், அதில் 7 பேர் பெண்கள் என்றால் வசூல் எத்தனை பேரிடம்?

சரி, சத்தத்துக்கு வருவோம். பேசாமலே விளையாட ஒன்று இருக்கிறது. ஆறேழு பேர் ஒரு வரிசை. முதல் பிள்ளையிடம் மட்டும் ஒரு சொல்லைக் காட்டுங்கள், ‘பணி’ என்றோ ‘பனி’ என்றோ. அது அடுத்த பிள்ளையின் உள்ளங்கையில் விரலால் எழுதும். எழுதும்போது அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இப்படியே கைமாறிப் போய், கடைசிப் பிள்ளை பலகையில் எழுதும். மூணு சுழி, ரெண்டு சுழி என்று வாயால் எத்தனை தரம் சொன்னாலும் குழம்புகிற பிள்ளைக்கு, உள்ளங்கையில் சுழி விழும்போது எண்ணிக்கை பிடிபட்டுவிடும். பணி பனியாகிவிட்டால், எந்தக் கையில் ஒரு சுழி தொலைந்தது என்று பின்னாலிருந்து தேடிப் போகட்டும். அடுத்த சுற்றில் கடைசியில் இருந்த பிள்ளை முதலில் வர வேண்டும். திங்கட்கிழமை இதிலிருந்தே ஆரம்பியுங்கள், பக்கத்து வகுப்புக்குக் கேட்காது.