தலையில் அடிபட்டு மூன்று கிழமை. ஸ்கேன் சரியாம், ஆனால் மகன் இன்னும் தலையிடி என்கிறான். நடிக்கிறானா?

நடிக்கவில்லை. முதலில் வீட்டில் எல்லாரும் அதை ஒத்துக்கொள்ளுங்கள்.

16 வயது, உதைபந்தாட்டத்தில் தலையோடு தலை மோதியது, சீ.ரி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் தலையிடி, நித்திரைக் குழப்பம், எரிச்சல், படிப்பில் மனம் நிற்கவில்லை. அப்பா 'சாட்டு' என்கிறார், அம்மம்மா 'மூளை பழுதாய்ப் போச்சு' என்கிறார். இதுதானே நீங்கள் எழுதியது? இந்த இரண்டு பேச்சும் பிள்ளை தேறுவதைப் பிந்தச் செய்யும்.

சீ.ரி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் மண்டையோட்டு வெடிப்பையும். மகனுக்கு வந்திருப்பது மூளை அதிர்வு (concussion), அடியில் மூளை குலுங்குவது. அதில் குழம்புவது நரம்புக்கலங்களின் இரசாயனச் சமநிலையும் அவை சக்தியைப் பாவிக்கும் விதமும். அது படத்தில் விழாது. கனடாவில் மூளை அதிர்வு வந்த, 18 வயதுக்குட்பட்ட 3000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2016 இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 30 வீதமானவர்களுக்கு 28 நாள் கடந்தும் அறிகுறிகள் இருந்தன. ஆகவே மூன்றாம் கிழமையில் தலையிடி இருப்பது புதினமில்லை. பதின்ம வயதினர், பெண்பிள்ளைகள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், முன்பும் தலை அடிபட்டவர்கள், ஏற்கனவே பதகளிப்போ மனச்சோர்வோ இருந்தவர்கள் தேற நாளெடுக்கும்.

இருட்டறையில் படுக்க வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு வேண்டும், போனையும் குறைக்க வேண்டும். அதற்கு மேல் கட்டாய ஓய்வு கெடுதல். அமெரிக்காவில் 2015 இல் வெளியான பரிசோதனையில், 5 நாள் முழு ஓய்வு கொடுக்கப்பட்டவர்கள் ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிடக் கூடுதலான அறிகுறிகளைச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள்: கூட்டாளிகள் இல்லை, மைதானம் இல்லை, பகலில் நித்திரை, இரவில் முழிப்பு, கொப்பிகள் குவிகின்றன. நாள் முழுக்க அவன் கவனிக்க மிஞ்சுவது தன் தலையை மட்டும்தான். கவனித்துக்கொண்டே இருந்தால் சின்ன வலியும் பெரிதாகும். அதனால் மணிக்கொரு தரம் 'தலை இடிக்குதா தம்பி?' என்று கேட்காதீர்கள். பின்னேரம் ஒரு தரம் கேட்டு, 0 முதல் 10 வரை ஒரு எண்ணைக் கொப்பியில் குறித்தால் போதும்.

நாளைக்கே நடக்கத் தொடங்கலாம், 20 நிமிடம். வன்னி வெயிலில் பத்து மணிக்கு நடந்தால் தண்ணீர் வற்றியே தலை இடிக்கும், அந்தப் பழியும் அடிபட்டதன் மேல் விழும். காலை ஆறரைக்கு முன்னம் நடக்கட்டும், போத்தலில் தண்ணீர் கொண்டுபோகட்டும். வலி எண் நடக்க முன் இருந்ததைவிட 2 புள்ளி வரை ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கினால் பயமில்லை. அதற்கு மேல் ஏறினால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் குறைத்து நடக்க வேண்டும். இரவில் ஒரே நேரத்தில் படுக்கை, படுக்க ஒரு மணித்தியாலம் முன்பே போனை வாங்கி வையுங்கள். பனடோல் கிழமையில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து போட்டால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும்.

விளையாட்டுக்கு முன்னம் பள்ளிக்கூடம். அரை நாளில் தொடங்கி, அரை மணித்தியாலம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. நிறுத்த வேண்டியது விடியற்காலை ரியூசனை, பள்ளிக்கூடத்தை அல்ல. விட்ட பாடங்களுக்குச் சோதனை வைப்பதைப் பிற்போடும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். தலைச்சுற்று முற்றாக நிற்கும்வரை சைக்கிள் வேண்டாம், ஏ9 வீதியில் அறவே வேண்டாம்.

அணியிலிருந்து அவனை வெட்டிவிடாதீர்கள். கால் முறிந்தவனுக்குப் பத்து பேர் மாவுக்கட்டில் கையெழுத்து வைப்பார்கள். இவனுக்கோ வெளியில் காட்ட ஒன்றுமில்லை, அதனால்தான் 'சாட்டு' என்ற பேச்சு வருகிறது. பின்னேரம் மைதானத்துக்குப் போகட்டும், பந்தைத் தொடாமல் நேரம் குறிக்கட்டும், கோச்சுக்கு உதவட்டும். கோச்சோடும் ஒரு தரம் கதையுங்கள். 'வலயமட்டப் போட்டி வருகுது, எப்ப வாறாய்?' என்று கேட்டால் பிள்ளை வலியை மறைப்பான். அடிபட்ட பிறகும் விளையாடியவர்கள் தேற ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் எடுத்ததை 2016 இன் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 'உன்ர இடம் உனக்குத்தான், டொக்டர் சொன்னாப் பிறகு வா' என்று எல்லாப் பொடியளுக்கும் முன்னால் கோச் சொன்னால் அவனுக்கு மறைக்கும் தேவை இராது. திரும்பும் வழி ஆறு படிகள்: அன்றாட வேலை, மெல்லோட்டம், தனியே பந்துப் பயிற்சி, மோதலில்லாத அணிப் பயிற்சி, முழுப் பயிற்சி, போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம். நான்காம் படியைத் தொடங்க முன்னமே அறிகுறிகள் முற்றாகப் போயிருக்க வேண்டும், முழுப் பயிற்சிக்கு வைத்தியரின் அனுமதியும் வேண்டும்.

அம்மம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. 2009ஐக் கடந்துவந்த வீடுகளில் தலைக்காயம் என்றால் மனதில் வருவது ஷெல் சன்னங்கள்தான். ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளை உங்கள் முகத்தில் வாசிக்கிறான். இது அப்படியான காயமில்லை, நாளெடுத்தாலும் மாறும் என்று அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள், அவனும் கேட்கும்படியாக.

இரண்டு கிழமையாக ஒன்றிலும் விருப்பமில்லை, அழுகிறான், சாவைப் பற்றிக் கதைக்கிறான் என்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தலையிடி நாளுக்கு நாள் ஏறுகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் சோர்வு, எழுப்ப முடியாத மயக்கம் என்றால் காத்திராமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நாலு கிழமை தாண்டியும் தலையிடி மாறாவிட்டால் கொப்பியோடு கிளினிக்குக்குப் போய், கழுத்தையும் சமநிலையையும் சோதிக்கும்படி கேளுங்கள். மோதலில் கழுத்துத் தசை இழுபட்டாலும் தலையிடி மாதக்கணக்கில் நிற்கும், அதற்கு இயன்மருத்துவப் பயிற்சிகள் இருக்கின்றன.