ஜெர்மனியில் இனிப்பான வைன்: வேளச்சேரித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, வேளச்சேரியிலிருந்து வேலைக்காக மைன்ஸ் நகரத்துக்குச் சென்று இரண்டு மாதமே ஆகியிருக்கும் நீங்கள், அலுவலக விருந்தில் ஊற்றிக் கொடுத்த வெள்ளை வைன் புளியங்காயைக் கடித்தது போல் இருந்ததாகவும், நாக்குக்கு இதமான இனிப்பு வைனை எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 19 ஆண்டுகளாக அந்த ஊர்ப்பக்கமே குடியிருக்கும் நான், விடுமுறைக்குப் பெரம்பூர் வீட்டுக்கு வந்திருப்பதால் ஆற அமர எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் நானும் ஏமாந்தவன்தான். 'ஷ்பேட்லேஸே' என்று போட்டிருந்தால் இனிப்பாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிவந்து திறந்தால், துளி இனிப்பு இல்லை. பிறகுதான் புட்டியில் ஒட்டிய அதே சீட்டில் 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பில்லாதது, என்று பொடி எழுத்தில் இருந்ததைக் கவனித்தேன். கபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே ஆகிய பெயர்கள் பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைத்தான் சொல்கின்றன. அந்தச் சர்க்கரை முழுவதையும் நொதிக்க விட்டுச் சாராயமாக்கினார்களா, பாதியில் நிறுத்தினார்களா என்பது வேறு கணக்கு. மிச்சமிருக்கும் சர்க்கரை ட்ரோக்கன் என்றால் லிட்டருக்கு 9 கிராம் வரை, ஹால்ப்ட்ரோக்கன் என்றால் 18 கிராம் வரை, லீப்லிஷ் என்றால் 45 கிராம் வரை, அதற்கு மேல் போனால் ஸூஸ். இந்தச் சொல் எதுவுமே இல்லாத புட்டிகளும் உண்டு என்பதால், சாராய விழுக்காட்டைப் பாருங்கள். 7 முதல் 9 வரை இருந்தால் சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். 12, 13 என்றால் ஈஸ்ட் அதைப் பெரும்பாலும் தின்று தீர்த்திருக்கும். போர்ச்சுகலின் போர்ட் வைன் இந்தக் கணக்கில் வராது. நொதித்தல் நடக்கும்போதே திராட்சைச் சாராயத்தைக் கலந்து அதை நிறுத்திவிடுவதால், அது 20 விழுக்காட்டை ஒட்டியும் இனிப்பாகவே இருக்கும்.

ஆனால் இனிப்பு மட்டும் போதும் என்று வாங்கினீர்களானால் இரண்டாவது கிளாஸிலேயே திகட்டிவிடும். சித்திரை முதல் நாளில் வீட்டில் வைக்கும் மாங்காய்ப் பச்சடியை நினைத்துப் பாருங்கள்; வெல்லப் பாகை மட்டும் ஒரு கிண்ணம் யாராலும் சாப்பிட முடியாது, மாங்காயின் புளிப்புதான் அடுத்த கரண்டிக்குக் கையை நீட்ட வைக்கிறது. மோசல் ஆற்றங்கரைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் திராட்சைக்கு அந்தப் புளிப்பு இயல்பாகவே இருக்கிறது. விருந்தில் உங்கள் முகத்தைச் சுளிக்க வைத்த புளிப்பே இனிப்போடு சேரும்போது தேவையாகிவிடுகிறது என்பதால், ட்ரோக்கன் என்று எழுதாத ஒரு மோசல் கபினெட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். நன்றாகக் குளிரவைத்து, ஒரு வாய் விழுங்கியபின் சிறிது பொறுத்துப் பாருங்கள். உதடு மட்டும் பிசுபிசுத்து நின்றால் அது மட்டமான சரக்கு. கன்னத்தின் உட்புறத்தில் எச்சில் ஊறினால் நல்லது.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊறவைத்து வைன் செய்வார்கள். பக்கத்து வீடு என்பதால் எங்களுக்கும் ஒரு சிறு டம்ளர் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அந்த வாசம் உங்களுக்கும் பிடிக்குமென்றால், அதே மஸ்கட் குடும்பத்துத் திராட்சையில் வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் செய்யும் மொஸ்காட்டோ தாஸ்தியை வாங்குங்கள். லேசாக நுரைக்கும், சாராயம் 5 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும்.

விருந்தாளியாகப் போகும் வீட்டுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு அதைவிட உயர்ந்தவை இருக்கின்றன. பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையில் நீர் வற்றிச் சர்க்கரை செறிவதால் கிடைப்பவை பிரான்சின் சோத்தேர்ன், ஹங்கேரியின் தொக்காய், ஜெர்மனியின் பேரன்அவுஸ்லேஸே முதலியவை. ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸே என்ற பெயரில் 'ட்ரோக்கன்' இருப்பதைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள். உலர்ந்தது அங்கே பழம்தான், வைன் ஜெர்மனியின் மிக இனிப்பான வகைகளில் ஒன்று. ஐஸ்வைனுக்குப் பழத்தைக் கொடியிலேயே உறையவிட்டு, வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே 7 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் பறிப்பார்கள். இவையெல்லாம் விலை கூடியவை; 375 மில்லி அரைப் புட்டியே நான்கைந்து பேருக்குத் தாராளமாகப் போதும்.

குலாப் ஜாமூனோடு மட்டும் இவற்றைக் குடிக்காதீர்கள், அந்தப் பாகின் முன்னால் எந்த வைனும் வெறும் புளித்தண்ணீராகிவிடும். நீலப் பூஞ்சை படர்ந்த உப்புச் சீஸுக்கு சோத்தேர்ன் பொருந்தும். நம் சிக்கன் 65-க்கு அந்த மோசல் கபினெட்டைத்தான் நான் எடுப்பேன்; சாராயம் குறைவாக இருப்பதால் காரத்தின் எரிச்சலைக் கூட்டாது.

ஊருக்கு வரும்போது வீட்டுக்கு ஒன்று கொண்டுவர விரும்பினால், விமான நிலையச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. ஒரு மே மாதம் நான் கொண்டுவந்த அவுஸ்லேஸேயை அப்பா பத்திரமாகப் பரணில் ஏற்றி வைத்துவிட்டார். தீபாவளிக்கு வந்து திறந்தபோது பழத்தின் வாசம் அடியோடு போய், காய்ச்சிய பாகு போல் இருந்தது. இந்த முறை கொண்டுவந்த புட்டி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. அம்மாதான் மாவு எடுக்கும்போதெல்லாம் முணுமுணுக்கிறார்.