சைலன்ட் வேலி கோப்பு எந்தத் துறையில்?

ஐயா, வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் மழைக்காட்டுக்குள் கட்டத் திட்டமிட்ட சைலன்ட் வேலி அணைத் திட்டம் பற்றி ஆய்வு செய்கிறேன். 1982ஆம் ஆண்டுத் தாள்களில் 'சுற்றுச்சூழல் துறை, புதுதில்லி' என்று வருகிறது. இது அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பிரிவா? அங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 'எங்களிடம் இல்லை' என்று பதில் வந்தது.
ர., கோவை

அன்புள்ள ர.,

பிரிவு அல்ல, தனித்துறை. 1972இல் அமைந்த தேசியச் சுற்றுச்சூழல் குழு அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குள் இருந்தது. சுற்றுச்சூழல் நிர்வாகத்தை ஆராய்ந்த திவாரி குழுவின் பரிந்துரைப்படி 1980 நவம்பர் 1இல் தனித்துறை வந்தது. பொறுப்பு பிரதமர் இந்திரா காந்தியிடம். தொடக்கத்தில் இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனனே இரு துறைகளுக்கும் செயலாளர்; பலரும் குழம்புவது அதனால்தான். 1985இல் சுற்றுச்சூழல், வன அமைச்சகம் உருவானபோது துறை அதற்குள் போய்விட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தத் துறையின் கையில் காடு இல்லை. 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி வன நிலத்தை வேறு பயனுக்கு விட மத்திய அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு போனது வேளாண் அமைச்சகத்துக்கு. சுற்றுச்சூழல் துறை அணையை ஆராய்ந்து கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயமானதே 1994இல். மேனன் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 1983இல் அணை கைவிடப்பட்டதென்றால், அதில் துறையின் அதிகாரத்தைவிடப் பிரதமரின் விருப்பமே பெரிது என்பேன். ஆகவே பிரதமர் அலுவலகக் கோப்புகளை விட்டுவிடாதீர்கள்.

மனுவை இப்போதைய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய். 'சைலன்ட் வேலி பற்றிய எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். துறையின் அன்றைய பெயர், ஆண்டு, குழுவின் பெயர், 'கோப்புப் பட்டியல் மட்டும்' என்று எழுதுங்கள். பட்டியல் வந்தபின் எண்ணைக் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)படி மனுவை 5 நாளுக்குள் அங்கே மாற்றிவிட வேண்டும். வெறுமனே 'இல்லை' என்று முடித்தது சரியல்ல. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டு கடந்த செய்தி என்பதால் பிரிவு 8(3)ஐயும் காட்டுங்கள், மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அடிபடும்.

25 ஆண்டு கடந்தவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் ஆங்கிலத்தில் தேடுங்கள். 'சைலன்ட் வேலி' என்ற பெயரோடு 'பாலக்காடு' என்பதன் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டான 'பால்காட்'டையும் (Palghat) போட்டுப் பாருங்கள்.