ஏற்றிய எடை அப்படியே நிற்க எவ்வளவு சாப்பிடலாம்? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மெலிந்திருந்து எடை ஏற்றியவர்கள், இனி அதை அதே இடத்தில் நிறுத்துவது எப்படி என்று கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி: வயது 27, உயரம் 170 செ.மீ. 58 கிலோவிலிருந்து 66க்கு வந்துவிட்டேன். தினமும் 2700 கலோரி; இரண்டு மாதமாக மாதம் ஒரு கிலோ ஏறுகிறது. வாரம் நான்கு நாள் ஜிம், மற்ற நேரம் கடையில் நின்றபடி வேலை. எடை ஏற்றுவதற்காக இட்லிப் பொடியில் கூடுதல் நல்லெண்ணெய், ராத்திரி வேர்க்கடலை. இனி எவ்வளவு?

கணக்கு எழுதி வைத்திருக்கிறீர்களே, ரொம்ப நல்லது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி. 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250 மிகை. ஏறியதில் தசையும் தண்ணீரும் உண்டு, அதனால் துல்லியமாக வராது. ஆனாலும் 2450ல் தொடங்குங்கள். ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரியைக் கணக்கிடும் மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் (எடை × 10 + உயரம் × 6.25 − வயது × 5, ஆணுக்கு +5, பெண்ணுக்கு −161) உங்களுக்கு 1590 தருகிறது. மிதமான உழைப்புக்கு 1.55 ஆல் பெருக்கினால் சுமார் 2470. இரண்டும் ஒத்துப் போகின்றன. ஒத்துப் போகாவிட்டால் சூத்திரத்தை விட்டுவிட்டு உங்கள் நோட்டை நம்புங்கள்.

சோற்றைக் குறைக்க வேண்டாம். நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, வேர்க்கடலை 25 கிராம் 140. இந்த இரண்டையும் நிறுத்தினாலே போதும். முதல் வாரம் அரைக் கிலோ, ஒரு கிலோ இறங்கினால் பதறாதீர்கள். உடலில் தேங்கிய நீர் போகிறது. காலையில் வெறும் வயிற்றில் தினமும் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று வாரம் சராசரி அசையாமல் இருந்தால் அதுதான் உங்கள் அளவு. இறங்கிக்கொண்டே போனால் 100 கூட்டுங்கள்.

பாபநாசம்: எந்த ஆப் நல்லது?

எதுவானாலும் சரி. எண்ணெயை மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

மயிலாடுதுறை: வெள்ளைச் சோற்றை விட்டுவிட்டு மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் அளவு பார்க்காமல் சாப்பிடலாமா?

கூடாது. எந்த அரிசியானாலும் 100 கிராம் பச்சையாக நிறுத்தால் 350 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார் கூடுதல், சீக்கிரம் வயிறு நிறையும். அதனால் குறைவாகச் சாப்பிடுவோம். அரிசியில் கலோரி குறைந்துவிடாது.

மயிலாடுதுறை, மறுபடி: என் தாத்தா மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிட்டார். தொப்பையே கிடையாது.

தாத்தா நாற்றுப் பறித்தார், வரப்பு வெட்டினார், கட்டுச் சுமந்தார். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020ல் வெளியிட்ட அளவில், உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2110 கலோரி, கடும் உழைப்பாளிக்கு 3470. 1300க்கும் மேல் வித்தியாசம். அவர் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டால் எடை ஏறத்தான் செய்யும். மாப்பிள்ளைச் சம்பாவைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். அளந்து சாப்பிடுங்கள்.

நீடாமங்கலம்: இந்த விவாதத்தில் நானும் கேட்கிறேன். வடித்த சோற்றில் கலோரி குறைவுதானே?

கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது வேறு: ஒரே அரிசி, தண்ணீர் கூடினால் சோறு எடை கூடும். ஒருவருக்கு 150 கிராம் சோறு என்பது இன்னொருவருக்கு வேறு கலோரி. அதனால் அரிசியாக இருக்கும்போதே நிறுத்துவிடுங்கள். வீட்டுக்கே சேர்த்து வடித்தால், போட்ட அரிசியின் மொத்த எடையையும் வந்த சோற்றின் மொத்த எடையையும் குறித்துக்கொண்டு, உங்கள் தட்டில் விழுந்த பங்கைக் கணக்கிடுங்கள்.

திருவாரூர்: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கு எத்தனை கலோரி?

மாத்திரை அளவு சரியாக இருக்கிறதா என்று முதலில் உங்கள் மருத்துவரிடம் பாருங்கள்.

பட்டுக்கோட்டை: எனக்கு எத்தனை கலோரி?

வயது, உயரம், எடை, வேலை எதையும் சொல்லாமல் இதே கேள்வி நிறைய வந்திருக்கிறது. மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படித்து, மூன்று வாரம் எழுதிவிட்டு வாருங்கள். எண்ணெயும் அதில் இருக்கட்டும்.

திருவையாறு: நடவு, களையெடுப்புக்குப் போகிறேன். வேலை இல்லாத மாதங்களிலும் ஒரே அளவா?

இல்லை. ஐசிஎம்ஆர் கணக்கில் 55 கிலோ பெண்ணுக்கு உட்கார்ந்த வேலையில் 1660, மிதமான வேலையில் 2130, கடும் வேலையில் 2720. வயலுக்குப் போகும் மாதங்களில் ஒரு வேளை நன்றாகவே கூட்டிச் சாப்பிடுங்கள்; பழைய சோற்றோடு முட்டையோ சுண்டலோ சேரட்டும். பட்டினியாக நடவுக்குப் போனால் கஷ்டப்பட்டு ஏற்றிய எடை இறங்கிவிடும். அறுவடை முடிந்து வேலை நின்றதும், கூட்டியதை முதல் வாரத்திலேயே குறைத்துவிடுங்கள்.