மருந்தின் உப்பு வடிவம் மாறினால் அது உடலை விட்டு வெளியேறும் வேகமும் மாறுமா?

பொதுவாக மாறாது. மாறுவது பெரும்பாலும் உள்ளே நுழையும் வேகம்தான்.

பல மருந்துகள் அமிலத்தன்மையோ காரத்தன்மையோ கொண்டவை. தனியாக நீரில் எளிதில் கரையாது. அதனால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற ஒரு துணையோடு சேர்த்துத் தயாரிக்கிறார்கள். இந்தச் சேர்க்கையே உப்பு வடிவம்.

வலி நிவாரணியான நாப்ராக்சனைப் பாருங்கள். அதன் சோடியம் உப்பு வேகமாகக் கரைவதால் 1 முதல் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டுகிறது; வெறும் நாப்ராக்சனுக்கு 2 முதல் 4 மணி நேரம் ஆகும். ஆனால் கரைந்ததுமே சோடியம் பிரிந்துவிடுகிறது. இரத்தத்தில் இருப்பது ஒரே மூலக்கூறு என்பதால், பாதியாகக் குறைய இரண்டுக்குமே 12 முதல் 17 மணி நேரம் பிடிக்கிறது. பஸ்ஸில் வந்தவரும் காரில் வந்தவரும் இறங்கிய பிறகு தம் கால்களால்தானே நடக்க வேண்டும்!

விதிவிலக்குபோலத் தோன்றுவது பென்சிலின். அதன் பென்சத்தீன் உப்பை ஊசியாகப் போட்டால் வாரக்கணக்கில் உடலில் இருக்கும். சிறுநீரகம் சோம்பிவிடவில்லை, தசையிலிருந்து மருந்து மிக மெதுவாகக் கரைந்து வருகிறது, அவ்வளவுதான்.

உப்பு எதுவானாலும் மில்லிகிராம் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: 550 மில்லிகிராம் நாப்ராக்சன் சோடியத்தில் உள்ள நாப்ராக்சன் 500 மில்லிகிராம்தான்.