பிள்ளை இன்னும் பேசவில்லை, காத்திருக்கலாமா? – ஒரு ஸ்பீச் தெரபிஸ்டின் கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பலவும் சுற்றிச் சுற்றி ஒன்றையேதான் கேட்கின்றன: தானாகப் பேச்சு வந்துவிடுமா, டாக்டரிடம் போக வேண்டுமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகனுக்கு இரண்டே கால் வயது. அம்மா, தாத்தா, மம்மு, டாட்டா என்று ஏழெட்டு வார்த்தைதான். ‘ஆம்பளைப் புள்ள லேட்டாத்தான் பேசும், இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்’ என்கிறார் மாமியார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா? – ஒரு தாய், திருப்பூர்

பார்க்க வேண்டாம், இப்போதே காட்டிவிடுங்கள். ஆண் பிள்ளைகள் சற்றுப் பின்னால் வருவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சராசரியில் ஒன்றிரண்டு மாதம்தான், ஒரு வருஷம் இல்லை. இரண்டு வயதில் 50 சொல்லாவது இருக்க வேண்டும். ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். மம்மு, டாட்டா, நாயைப் பார்த்துச் சொல்லும் ‘பௌ பௌ’ எல்லாமே கணக்கில் சேரும். அதையெல்லாம் சேர்த்தும் ஏழெட்டு என்றால் அது குறைவு. அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பதைக் கேட்டு ஆறுதல் அடையாதீர்கள். பேச்சுத் தாமதம் குடும்பத்தில் வருவதுண்டு என்பதால், அது கூடுதலாகக் கவனிக்க ஒரு காரணம். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளை அவர்களில் ஒருவனா என்று இன்றைக்கே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

முதல் வேலை காது. ‘குக்கர் விசிலுக்குத் திரும்புறானே, காது நல்லாத்தானே கேக்குது’ என்று சொல்லாத பெற்றோர் குறைவு. விசில் சத்தம் பெரிது. ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தையும் அதற்குத் திரும்பும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, சில வாரங்கள் கேட்கும் திறன் மங்கும், அப்புறம் தெளியும். வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் தட்டைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு முறையாகப் பரிசோதியுங்கள்.

வார்த்தைக் கணக்கைவிட நான் அதிகம் கேட்பது வேறு: வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? மேலே விமானம் போனால் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறானா? பேர் சொன்னால் திரும்புகிறானா? இவையும் இல்லையென்றாலோ, வந்த வார்த்தைகள் மறைந்துபோனாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைப் பற்றிக் கேளுங்கள். இத்தகைய குழந்தைகளுக்காகவே ஏற்பட்ட இடம் அது, கட்டணம் கிடையாது.

மகளுக்கு இரண்டு வயது. ஏ பி சி டி, கலர் எல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறாள், போனில் பார்த்துக் கற்றது. ஆனால் ‘தண்ணி வேணும்’ என்று கேட்கத் தெரியவில்லை. – ஒரு தந்தை, மதுரை

ஒப்பிப்பது வேறு, கேட்பது வேறு. போன் அவளிடம் பேசுகிறது, ஆனால் அவள் பதிலுக்காக அது காத்திருப்பதில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. என் அனுபவத்தில் சாப்பாட்டு நேரத்துப் போனை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பேச்சு வளர அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இன்று இரவே இதைச் செய்து பாருங்கள். இட்லிக்குச் சர்க்கரையைக் கொஞ்சமாக வையுங்கள். தீர்ந்ததும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், அவள் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்குத்தான் அந்தப் பத்து நீளமாக இருக்கும். அவள் கையை நீட்டி ‘ஆ’ என்றால் போதும், அவள் கேட்டுவிட்டாள். ‘இன்னும் வேணுமா? இந்தா, சர்க்கரை’ என்று உடனே கொடுத்துவிடுங்கள். ‘சர்க்கரைன்னு சொன்னாத்தான் தருவேன்’ என்று நிற்காதீர்கள். பிள்ளை அழும், சாப்பாடும் கெடும், பேச்சு வராது. ‘இது என்ன, சொல்லு’ என்று நாள் முழுக்கப் பரீட்சை வைப்பதும் அப்படித்தான். கேட்பதைக் குறைத்து, அவள் பார்ப்பதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.

இத்தனை சொல் மனப்பாடமாகத் தெரிந்தும் எதையும் கேட்கத் தெரியவில்லை என்பதால், மேலே சொன்ன சுட்டுதலையும் பேருக்குத் திரும்புவதையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் காட்டிவிடுவது நல்லது.

பெங்களூரில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா கன்னடம், ப்ளே ஸ்கூலில் ஆங்கிலம். மூன்று வயது மகன் குழம்பிப்போகிறான், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்கிறார்கள் ஸ்கூலில்.

தயவுசெய்து தமிழை நிறுத்தாதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை மூன்று மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள். ‘நீரு வேணும்’ என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசுவது குழப்பம் இல்லை, கையில் இருக்கும் சொல்லைப் பயன்படுத்துகிறான். உங்களுக்குக் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் எந்த மொழி சரளமோ அதில் பேசுங்கள். மூன்றையும் சேர்த்தும் பேச்சு குறைவாக இருந்தால் அது மொழிகளின் தவறு அல்ல, பரிசோதிக்க வேண்டிய விஷயம்.

மூன்று வயதுப் பேத்தி காக்காவைத் தாத்தா என்கிறாள். பழத்தைப் பயம் என்கிறாள். திருத்தலாமா? – ஒரு பாட்டி, கும்பகோணம்

காக்கா தாத்தாவாவது இந்த வயதில் சகஜம், பாட்டிம்மா. நாக்கின் பின்பகுதியைத் தூக்கிச் சொல்ல வேண்டிய ‘க’வை, எளிதான முன்பகுதியால் ‘த’ என்று சொல்லிவிடுகிறாள். நான்கு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். ர, ற, ழ எல்லாம் அதற்கும் பிறகு வருபவை, பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் ‘ழ’ தடுமாறலாம். ‘தாத்தா பறக்குது’ என்றால், ‘ஆமா, காக்கா பறக்குது, பெரிய காக்கா’ என்று சரியான ஒலியைக் காதில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். வந்தவர்கள் முன்னால் சொல்லவைத்துச் சிரிக்கவும் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தை பேசுவதில் முக்கால்வாசி வெளியாளுக்கும் புரிய வேண்டும். அதுவும் புரியவில்லையென்றால் காட்டுங்கள்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மகன் மூன்றரை வயதில் திடீரென்று ‘நா நா நா நான்’ என்று திக்குகிறான். நாங்கள் திட்டியதாலா? – ஒரு தாய், சேலம்

நீங்கள் திட்டியதால் இல்லை. திக்கல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், சொற்கள் வேகமாகப் பெருகும் காலத்தில்தான் தொடங்குகிறது. இப்படித் தொடங்கும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு அது போய்விடுகிறது. ‘மெதுவா பேசு’, ‘மூச்சு விட்டுட்டுச் சொல்லு’ என்பவை அன்பாகச் சொன்னாலும் உதவாது. தான் பேசுவதில் ஏதோ தப்பு என்று மட்டும் பிள்ளைக்குப் புரியும். வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பாருங்கள், எப்படிச் சொன்னான் என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். கண்ணை இறுக்குகிறான், கழுத்து விறைக்கிறது, பேசவே தயங்குகிறான், குடும்பத்தில் யாருக்காவது திக்கல் உண்டு, ஆறு மாதம் தாண்டிவிட்டது – இவற்றில் ஒன்று இருந்தாலும் தெரபிஸ்டைப் பாருங்கள்.

நாக்கில் வசம்பும் தேனும் தடவினால் பேச்சு வருமா? நாக்குக்கு அடியில் ஒட்டியிருப்பதை வெட்டிவிடலாமா? – இரண்டு வாசகர்கள்

வசம்பு தடவிப் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கலாம். அடிநாக்கு ஒட்டியிருப்பது பால் குடிப்பதைச் சிரமமாக்கலாம், சில ஒலிகளை மழுக்கலாம். ஆனால் சொற்கள் வராததற்கு அது காரணம் ஆகாது. அதனால் வெட்டும் தேதி குறிப்பதற்கு முன் காதுப் பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள்.