பீலித் தண்ணீர் கலங்கினால் மெஷின் வாங்க வேண்டுமா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மழை பெய்தால், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கலங்கிவிடுகிறதாம். மூன்று வயது மகனுக்கு வயிற்றோட்டம் வந்ததிலிருந்து லொறியில் வரும் பெரிய கேனையும் கடையில் ஐந்து லீற்றர் போத்தலையும் வாங்குகிறார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வெறும் போத்தல் குவிந்துவிட்டது. இப்போது ஒருவர் தண்ணீரைச் "சோதித்து" காட்டி, தவணைக்கு ஃபில்டர் மெஷின் தருகிறேன் என்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம், தங்கச்சி. அந்தச் சோதனை வெறும் ஏமாற்று. இரண்டு கிளாஸில் ஒன்றில் உங்கள் தண்ணீர், மற்றதில் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பியை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். உங்கள் கிளாஸ் பழுப்பாகிச் சேறு மிதக்கும். அது அவர்களுடைய இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் இயல்பாக இருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். மெஷின் அவற்றை எடுத்துவிடுவதால் அந்தக் கிளாஸில் கம்பி கரைவதில்லை. அடுத்த முறை வந்தால் மெஷின் தண்ணீரிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். வயிற்றோட்டம் வந்த பிள்ளையின் தாயிடம் பயத்தை விற்றுத் தவணை வாங்குகிறவர்களை யாரும் பிடிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உப்பைப் பிரித்தெடுக்கும் இந்த மாதிரி ஆர்ஓ மெஷின் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து உப்பும் புளோரைட்டும் கூடிய கிணற்று நீருக்கு ஏற்றது. நம் மலை ஊற்றில் உப்பு குறைவு. நமக்குத் தொல்லை மண்ணும் கிருமியும். கலங்கிய நீரைத் தெளிய விட்டு, மடித்த பருத்தித் துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்க வையுங்கள். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், கிருமி சாகாது என்று சொல்வார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில்கூட ஏறத்தாழ 94 பாகையில்தான் கொதிக்கிறது. வயிற்றுக் கிருமிகளுக்கு அந்தச் சூடு போதும். தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்கட்டும். மூடிய பாத்திரத்தில் வைத்து, கையை விட்டு மொள்ளாமல் ஊற்றி எடுங்கள்.

லொறிக் கேனில் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கமும் உற்பத்தித் திகதியும் உடையாத சீலும் இல்லாவிட்டால் தொடாதீர்கள். போத்தல் குடிநீருக்கான இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். 894 இருந்தால் இன்னும் நல்லது. பழைய கேனில் ஏதோவொரு குழாய்த் தண்ணீரை நிரப்பி விற்றாலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொதிக்கவைத்தும் பயனில்லை. பீலிக்கு மேலே தேயிலை மலை இருந்து அங்கே புல்லுக்கு மருந்து அடித்தால், கவனமாக இருங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதிக்கப்பட்டது. மருந்து கொதியில் போகாது, துணியிலும் நிற்காது; தண்ணீர் வற்ற வற்ற மருந்தின் செறிவுதான் கூடும். மருந்து அடிக்கும் நாளைக் கங்காணியிடம் கேட்டு வையுங்கள். அன்றும், அதன் பிறகு வரும் முதல் மழை ஓயும்வரையும் அந்தப் பீலியைக் குடிக்க எடுக்காதீர்கள். வேறு ஊற்று இல்லாவிட்டால், போத்தல் தண்ணீருக்குச் செலவழிக்க வேண்டிய நாட்கள் அவைதான். பீலிக்கு மேலே காடு மட்டும் இருந்தால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

கொதித்த நீருக்கு மாறினாலே குவியல் வளராது. இருப்பதை எரிக்காதீர்கள், 2017 வர்த்தமானி பிளாஸ்டிக்கை வெளியில் எரிப்பதைத் தடைசெய்கிறது. அந்தப் போத்தல்களில் மண்ணெண்ணெயும் ஊற்றி வைக்காதீர்கள், தண்ணீர் என்று பிள்ளை குடித்துவிடும். நசுக்கிச் சாக்கில் கட்டி வையுங்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் வேலை செய்யச் சபைக்குத் தடையில்லை. ஆனாலும் சபை தோட்டத்தைக் காட்டுகிறது, தோட்டம் சபையைக் காட்டுகிறது. ஆகவே போத்தல்களை எடுத்துச் செல்லும்படி கேட்டு, லயத்தார் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரே கடிதத்தைச் சபைத் தவிசாளருக்கும் தோட்ட முகாமையாளருக்கும் கொடுங்கள். ஒரு பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து, பீலித் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்கும்படியும் அதிலேயே எழுதுங்கள்.